கேட்க மட்டும் முடிந்தவர்கள்

போன கிழமை தரம் 9 வகுப்புக்கு இரண்டு சாமான்கள் கொண்டு போனேன். ஒன்று துருப்பிடித்த சைக்கிள் டைனமோ. மற்றது ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி. பெட்டிக்குள் நாலு டையோட், ஒரு கொண்டென்சர், இரண்டு வயர். 1990களில் யாழ்ப்பாணத்தில் றேடியோ கேட்டது இப்படித்தான் என்று விளக்கினேன். பின் வாங்கில் இருந்த மகன் ஒருவன் எழும்பிக் கேட்டான்:

"சேர், இதில திருப்பிப் பேச ஏலாதா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நம் நாட்டில் வானொலி தந்திக் கந்தோரில் பிறந்தது. இலங்கையில் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் போடப்பட்டது. அதன் மொழி மோர்ஸ்: குறுகிய ஒலி ஒன்று, அதைப்போல் மூன்று மடங்கு நீண்ட ஒலி ஒன்று. இந்த இரண்டையும் வைத்தே எல்லா எழுத்தும். பிறகு கம்பி இல்லாமலும் அதே மொழி போனது. கடலில் தத்தளிக்கும் கப்பல்களுக்காக மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில் என்ற எஸ்.ஓ.எஸ். அடையாளம் 1906இல் பேர்லினில் சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

1921இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்தார். வானொலி அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, பைத்தியமும் கூட. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளை எடுத்து, அவரும் திணைக்களத்தாரும் ஒலிபரப்பி ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். 1923இல் பரீட்சார்த்தமாக இசைத்தட்டு போட்டுப் பார்த்தார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பிற்காலத்து இலங்கை வானொலியின் வேர் இதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்ப காலத்தில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே ஆளின் வேலை. நிலையங்கள் வந்த பிறகுதான் "அங்கே பேசுகிறவர், இங்கே கேட்கிறவர்" என்று உலகம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவுக்குள் அடங்காமல் நின்றவர்கள்தான் அமெச்சூர் வானொலிக்காரர்கள். 'ஹாம்' என்று சொல்வார்கள். பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, ஆளுக்கொரு அழைப்புக் குறியோடு, வியாபாரம் இல்லாமல், வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிறவர்கள். பிரித்தானியர் காலத்தில் இலங்கைக் குறி 'வீ எஸ் 7' என்று தொடங்கியது. பிறகு '4 எஸ் 7' ஆனது.

இந்த ஆட்களை நான் முதலில் கேட்டது சோனகத் தெருவில், எங்கள் வீட்டு வால்வு றேடியோவில்.

வாப்பா தையற்காரர். கடை பூட்டி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு றேடியோவுக்கு முன்னால் இருப்பார். போட்டவுடன் சத்தம் வராது. வால்வு சூடாக வேண்டும். வீட்டுக் கூரையிலிருந்து பக்கத்து வளவுத் தென்னைக்கு ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தார். அதுதான் ஏரியல். சிற்றலை ஏன் இரவில் தூரத்திலிருந்தும் வருகிறது என்று அவருக்குப் புத்தகப் படிப்பால் தெரியாது, கைப்பழக்கத்தால் தெரியும். பூமிக்கு மேலே உள்ள அயன மண்டலத்தில் பட்டு அலை திரும்பி விழுகிறது. பொழுதுபட்டால் அதன் கீழ்ப்படை கலைந்துவிடும். பகலில் அந்தப் படை விழுங்கிய அலைகளெல்லாம் இரவில் உயரப் போய்த் திரும்பி வரும். 31 மீற்றர், 41 மீற்றர் என்று அவர் முள்ளை மெதுவாக நகர்த்துவார்.

41 மீற்றருக்குப் பக்கத்தில் முள் தாண்டும்போது சில நேரம் தாரா கத்துவது போல ஒரு குரல் வரும். சில நேரம் ஒரு நிலையத்தின் மேல் ஏறிக்கொண்டு "கீ... கீகீ... கீ" என்று கேட்கும். "வாப்பா, இது எந்த ஸ்டேசன்?" என்று கேட்டேன். "இது ஸ்டேசன் இல்ல மகன், ஆக்கள். ஆளுக்கு ஆள் கதைக்கிறாங்க" என்றார். அந்த றேடியோவில் அவர்கள் பேச்சைப் பிரித்துக் கேட்க வழியில்லை. ஆனால் உலகத்தில் யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூப்பிடுகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

நாங்களும் பழகலாமே என்று தோன்றுவதற்குள் காலம் மாறிவிட்டது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் 'வோக்கி' என்றால் அது ஆயுதம் வைத்திருப்பவரின் கைச்சாமான். கூரையில் கம்பி கட்டி "அனுப்பிப் பார்க்கிறேன்" என்று சொல்ல எந்த வீட்டுக்காரருக்கும் துணிவு வராது. கேட்கிற கம்பியைக் கூட வாப்பா கழற்றி வீட்டுக்குள்ளே கட்டினார்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டோம். எனக்கு அப்போது 12 வயது. றேடியோ மேசையிலேயே இருந்தது.

அதே வருடத்திலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் டோர்ச் பற்றரியும் இருந்தது. அப்போதுதான் இந்தச் சவர்க்காரப் பெட்டிகள் வந்தன. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று. ஆனால் அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நாலு டையோட்டைப் பாலம் போலப் பிணைத்தால் ஒரு திசைக்கு வரும். கொண்டென்சர் அதன் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லில் டைனமோவை அழுத்தி, வீட்டுப் பொடியன் ஒருவன் உழக்குவான். பெரியவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. இன்னொரு நேரம் மணிலாவிலிருந்து வேரித்தாஸ். பொடியன் களைத்தால் செய்தியும் களைக்கும்.

இதை நான் கண்ணால் காணவில்லை. வாப்பாவின் கூட்டாளி, பெரியகடைப் பக்கம் றேடியோ திருத்திய ஐயா ஒருவர், பின்னாளில் சொன்னது. அந்த இரவுகளில் நாங்கள் புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். கடன்பட்டு வாங்கிய சின்னறேடியோவில் நாங்களும் அதே 9.15 செய்தியைத்தான் கேட்டோம். லண்டனிலிருந்து ஒரே குரல். ஒரு முனையில் ஐயா வீட்டில் உழக்கிக் கேட்கிறார்கள், மறு முனையில் நாங்கள் பற்றரியை வெயிலில் காயவைத்துக் கேட்கிறோம். இருவருக்கும் ஊர்ச் செய்தி தெரியும். ஆனால் "நீங்கள் இருக்கிறீர்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்க வழியில்லை.

1995 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம். வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடக்கிறது என்று புத்தளத்தில் றேடியோவில் கேட்டோம். வாப்பா ஒன்றும் பேசவில்லை. முதல் முறையாக அவர் செய்தி முடியுமுன் றேடியோவை நிறுத்தினார். ஐயாவும் அந்தச் சனத்துக்குள் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனார் என்பதும், பொதிக்குள் இந்தப் பெட்டி இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரிய வந்தது நாங்கள் ஊர் திரும்பிய பிறகு. அதற்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார். "தம்பி, உன்ர வாப்பாட்டக் குடுக்க வைச்சிருந்தன்" என்று சொல்லி ஐயா பெட்டியை என் கையில் தந்தார்.

திருப்பிப் பேச முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 சாட்சி. சுனாமியில் தொலைபேசிகள் செத்துப்போயின. இலங்கை வானொலிச் சங்கத்தின் ஹாம் அன்பர்கள் சிற்றலைக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குப் போய், கார் பற்றரியில் இயக்கி, கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அந்தமானில் அமெச்சூர் வானொலிக்கு நீண்ட காலம் அனுமதி இருக்கவில்லை. கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கி, அதே மாதம் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தார் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. அலை அடித்ததும் தன் பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, தீவுகளில் இருந்தவர்களின் நலச்செய்திகளை அவரும் குழுவினரும் வெளியே அனுப்பினார்கள். அதே அலை நமது வடமராட்சி கிழக்கிலும் அடித்தது. மணற்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கல்லறைகள் தெரியும்.

ஒரு பொழுதுபோக்கை அனுமதிப்பதும் மறுப்பதும் சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் கேட்க மட்டும் பழகினால், யாரோ தூரத்திலிருந்து சொல்வதுதான் நம் செய்தி ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்பதைக் கூட லண்டன் சொல்லித்தான் அறிய வேண்டும். எங்கள் இரண்டு சமூகங்களுக்கும் நடுவே இருந்த அந்த மௌனத்தில் நிறையச் சந்தேகம் வளர்ந்தது. பேசியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பேச வழியே இருக்கவில்லை என்பதையும் வரலாற்றில் எழுத வேண்டும் என்கிறேன்.

இப்போது அந்த மகனுக்கு என் பதில். இந்தப் பெட்டியில் திருப்பிப் பேச ஏலாது மகன். ஆனால் உனக்கு ஏலும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் எடுத்தால் நீயும் '4 எஸ் 7'காரன் ஆகலாம். ஹாம் அனுமதிக்கு மோர்ஸ் தெரிந்தே ஆகவேண்டும் என்ற சர்வதேச விதியும் 2003இல் தளர்த்தப்பட்டுவிட்டது. ஆனாலும் மோர்ஸ் படி. குரல் எடுபடாத இரைச்சலிலும் 5 வாற்று மோர்ஸ் கடல் தாண்டும். டைனமோவை விடக் கொஞ்சம்தான் கூட.

கடைசியாக ஒரு கேள்வி. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் உழக்கியவர்களும், புத்தளத்தில் பற்றரி காயவைத்தவர்களும் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். அன்றிரவு செய்தி கேட்டபோது யாரை நினைத்துக்கொண்டு கேட்டீர்கள்? ஒரு வரியாவது எழுதுங்கள். முப்பது வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.