எலி ஏறாத கால்கள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவில் மழைக்குக் குறைவில்லை. தரையில் கொட்டிவைத்த மக்காச்சோளம் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சத்தை எலி தின்னும். அதனால் வீட்டருகே கட்டும் தானியக் கொட்டகையான 'ஓரெயோ'வை மண்ணில் உட்காரவைக்காமல் கற்கால்களில் தூக்கி நிறுத்தினார்கள்.

ஒவ்வொரு காலின் தலையிலும் அகலமான தட்டைக்கல் ஒன்று குடைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். தூணைப் பற்றி ஏறும் எலிக்கு அதோடு வழி முடிந்தது. படிக்கட்டும் கொட்டகையைத் தொடாது. கடைசிப் படியிலிருந்து ஓர் எட்டு தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். இதை யோசித்தவர் எலியோடு நெடுநாள் மல்லுக்கட்டியிருப்பார்!

கலீசியாவின் கர்னோட்டா ஊரில் 1768-இல் எழுந்த ஓரெயோ, பக்கத்து ஊரான லீராவோடு போட்டியிட்டு 1783-இல் நீட்டப்பட்டதாம். ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 22 ஜோடிக் கால்கள். தேவாலயத்துக்கு வந்த தசமபாகத் தானியம் அதில்தான் காய்ந்தது.