அன்னை ஹாஜரா விதித்த நிபந்தனை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் செல்லும் மலைப்பாதையில் சென்று, மன்னவனூர்ச் சாலையிலிருந்து பிரிந்தால் கூக்கால் என்னும் சிற்றூரை அடையலாம். சோலைக்காடும் ஏரியும், படிபடியாய்ப் பள்ளத்தாக்கில் இறங்கும் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது. பூண்டும் உருளைக்கிழங்கும் அவ்வூராரின் வாழ்வு. 2019-ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் அப்பூண்டின் பெயர் நகரத்துக் கடைகளிலும் பேசப்படுகிறது. அப்பூண்டு வணிகத்தின் பொருட்டுக் கீழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பத்தைச் சார்ந்த நம் பழைய மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் நம்மை அங்கே அழைத்திருந்தார். கைம்பெண்ணான தம் தங்கைக்கு நாம் நல்லுரை கூற வேண்டும் என்பது அழைப்பின் நோக்கம்.

அப்பெண்ணின் கணவர் இறந்து, இத்தாவும் முடிந்து, பல மாதங்கள் ஆகியிருந்தன. நான்கு வயதில் ஒரு மகன். கணவர் தம் உழைப்பில் வாங்கிய தோட்டத்தில் ஓர் ஊற்று உண்டு, கோடையிலும் வற்றாதது. கணவரின் உடன்பிறந்தார் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு, கையெழுத்திடுமாறு கேட்டனர். இரு குடும்பத்துப் பெரியவர்களும், "பெண்பிள்ளைக்குத் தோட்டம் எதற்கு? ஸபூர் செய், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றனர். "ஹஜ்ரத், நீங்களும் ஒரு வார்த்தை ஸபூரைப் பற்றிச் சொன்னால் தங்கை கேட்டுக்கொள்ளும்" என்றார் மாணவர்.

உண்மையைச் சொல்வதானால், முப்பதாண்டுகளாக நாமும் அத்தகைய வீடுகளில் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறோம். அன்றும் சொல்லியிருப்போம். ஆனால் நாம் வாய் திறக்குமுன், அந்தப் பெண்ணின் அருகில் அமர்ந்திருந்த பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ மூதாட்டி, "அன்றைக்கு ஆகாரும் இப்படித்தான் பிள்ளையோடு காட்டில் நின்றாள், மகளே" என்றார். ஆகார் யார் என்று அப்பெண் வினவினாள். மூதாட்டி சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. "பெரியம்மா, இது எங்கள் ஹாஜரா அம்மாவின் கதையல்லவா!" என்றாள்.

ஆம்! இருவர் கூறியதும் ஒரே அன்னையைத்தான். பெயர் மட்டும் இரு வழிகளில் தமிழுக்கு வந்து சேர்ந்தது. நம் முன்னோர் அறபு வழியே பெற்று, அறபுத்தமிழ் ஏடுகளிலும் நபிமார் வரலாறுகளிலும் ஹாஜரா என்றே வழங்கினர். கிறிஸ்தவருக்கோ அப்பெயர் தரங்கம்பாடி வழியே வந்தது. 1706-ஆம் ஆண்டில் அங்கே கரையிறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். பின்னர் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். 1719-இல் அவர் மறைந்தபோது, ரூத்தின் ஆகமம் வரையில்தான் அப்பணி எட்டியிருந்தது. எஞ்சியதை அவருக்குப்பின் வந்த சூல்ச் முடித்தார்.

ரூத் யார்? கணவனை இழந்த பின்னும் மாமியாரைக் கைவிடாமல் அவருடன் அயல்நாடு சென்று, அறுவடை வயலில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கி இருவர் வயிற்றையும் காத்த கைம்பெண். அவர் மறுமணம் செய்து, தாவூத் நபி (அலை) அவர்களின் முன்னோராயினார் என்கிறது விவிலியம். இவ்வரலாறு நம் திருமறையில் இல்லை. எனினும் கைம்பெண் உழைப்பதும் மறுமணம் புரிவதும் இழுக்கன்று என்பதற்கு நமக்கு வெளியிலிருந்து சான்று தேட வேண்டிய தேவையில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணக்குமுன் கைம்பெண்ணாகவும் வணிகராகவும் விளங்கியவர் அல்லரோ!

இனி ஹாஜரா அம்மையாருக்கு வருவோம். விவிலியத்தின் ஆதியாகமத்தில் இவ்வன்னையைப் பற்றி இரு நிகழ்ச்சிகள் காணப்படுகின்றன. முதலாவதில், கருவுற்ற நிலையில் சாராளின் கடுமை தாங்காது பாலைக்கு ஓடுகிறார். ஊற்றருகே வானவர் அவரைக் கண்டு பேசுகிறார். தம்மைக் காண்கின்ற இறைவன் என்னும் பொருள்பட இறைவனுக்கு அவர் ஒரு பெயரும் இடுகிறார். ஓர் அடிமைப் பெண்ணுக்கு வாய்த்த பேறு அது. இரண்டாவதில், அப்பமும் ஒரு தோற்பை நீரும் கொடுத்து மகனுடன் அனுப்பப்படுகிறார். நீர் தீர்ந்ததும் பிள்ளையைச் செடியின் கீழ் கிடத்தி, அது சாவதைக் காணப் பொறாமல் அம்பு பாயும் தூரத்தில் அமர்ந்து அழுகிறார். இறைவன் அவர் கண்களைத் திறக்க, ஒரு கிணற்றைக் காண்கிறார். பிற்காலத்தில் பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய மடலில் ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக ஆக்கிவிட்டதாலோ என்னவோ, தமிழ்க் கிறிஸ்தவரிடையே சாராள், ரூத், எஸ்தர், மரியாள் என்றெல்லாம் பெயரிடுகிறார்களேயன்றி, ஆகார் என்று பெயரிட்ட ஒரு மகளை நாம் கண்டதில்லை. நம் வீடுகளிலோ ஹாஜராக்களுக்குக் குறைவில்லை.

நம்மிடம் இவ்வரலாறு விரிவாக வருவது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில். திருமறையோ, பயிர்விளையாப் பள்ளத்தாக்கில் தம் வழித்தோன்றலைக் குடியமர்த்தியதாக இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் இறைஞ்சிய வேண்டுதலை மட்டும் பதினான்காம் அத்தியாயத்தில் கூறி நிற்கிறது. ஒரு பையில் பேரீச்சம்பழமும் ஒரு தோற்பையில் நீரும் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கும் கணவரை ஹாஜரா அம்மையார் பின்தொடர்கிறார். ஆளரவமற்ற இவ்விடத்தில் எங்களை விட்டு எங்கே போகிறீர் என மீண்டும் மீண்டும் கேட்கிறார். மறுமொழி இல்லை. இறுதியில், இது அல்லாஹ்வின் கட்டளையா எனக் கேட்க, ஆம் என்கிறார் கணவர். அப்படியாயின் அவன் எம்மை வீணாக்கமாட்டான் எனக் கூறித் திரும்புகிறார். தவக்குல் என்னும் சொல்லுக்கு மதரஸாவில் பல நாள் பாடம் நடத்தியிருக்கிறோம்; அதன் பொருள் முழுவதும் இத்திரும்புதலில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை கேள்விக்குப் பின் வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அம்மையார் கேட்டார், ஒரு முறையன்று, பல முறை கேட்டார்.

நீர் தீர்ந்தது. பால் வற்றியது. பிள்ளை துடித்தது. அல்லாஹ் வீணாக்கமாட்டான் என்று சொன்ன அவ்வன்னை, சொன்னபடி அமர்ந்திருந்தாரா? ஸஃபாவின்மீது ஏறிப் பார்த்தார், இறங்கி, ஆடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் ஓடினார், மர்வாவில் ஏறினார். இப்படி ஏழு முறை. இன்று ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் அவ்விடையே நடக்கும் தொலைவு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பச்சை விளக்குகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆண்கள் விரைந்தோட வேண்டும். பெண்கள் ஓட வேண்டியதில்லை என்பது ஃபிக்ஹின் சட்டம். ஒரு பெண் ஓடிய ஓட்டத்தை உலகத்து ஆண்களெல்லாம் ஓடிக் காட்டுகிறார்கள்! அரசரும் ஆலிமும் வணிகரும் அங்கே ஓர் அடிமைப் பெண்ணின் அடிச்சுவட்டில்தான் மூச்சிரைக்கிறார்கள்.

வானவர் நிலத்தைத் தட்ட ஸம்ஸம் பீறிட்டது. அப்போதும் அம்மையாரின் கைகள் சும்மா இருக்கவில்லை. மண்ணைக் கூட்டி அணை கட்டினார். தோற்பையில் அள்ளி நிறைத்தார். இவ்வளவையும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். அறியாதது, அல்லது நம் பயான்களில் நாம் விரைந்து தாண்டிச் செல்வது, அடுத்து வரும் பகுதி.

ஜுர்ஹும் குலத்தார் அவ்வழியே வந்தனர். வானில் ஒரு பறவை வட்டமிடுவதைக் கண்டு, நீரின்றி அது வட்டமிடாதே என ஆளனுப்பிப் பார்த்தனர். நீரருகே கைக்குழந்தையுடன் ஒரு பெண், துணைக்கு ஆணில்லை. அவர்களோ ஒரு குலம். உம்முடன் இங்கே தங்க அனுமதிப்பீரா என வினவினர். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை இல்லை என்றார் அம்மையார். அவர்கள் ஒப்புக்கொண்டனர். மனிதரின் துணையை அம்மையார் விரும்பியிருந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகவும் அந்த அறிவிப்பிலேயே வருகிறது. துணை வேண்டும், அதற்காக உரிமையை விடவில்லை. உரிமை வேண்டும், அதற்காகத் துணையை விரட்டவுமில்லை. மக்கா மாநகரின் முதல் உடன்படிக்கை இது எனலாம். அதன் நிபந்தனையை விதித்தவர் ஒரு பெண்.

கூக்காலின் அந்த வீட்டில், அவ்வூற்றின் ஓசை கேட்கும் திண்ணையில் அமர்ந்து இப்பகுதியை நாம் சொல்லிக்கொண்டு வருகையில், நம் குரலே நமக்குப் புதிதாக ஒலித்தது. பத்திரத்தைக் கையில் வைத்திருந்த பெரியவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுவதும் ஈமானுக்குக் குறைவு என்கிறார்களே, ஹஜ்ரத்?" என்று அப்பெண் கேட்டாள். மர்யம் (அலை) அவர்களைப் பார் என்றோம். திருமறையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். முப்பத்துநான்கு இடங்களில் அப்பெயர் வருகிறது. அத்தகையவர் பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்துக் கிடந்து, இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டவராகி இருக்கலாகாதா எனக் கதறினார். இறைவன் அக்கதறலைக் கண்டிக்கவில்லை. நாள்தோறும் ஓதப்படும் மறையில் அதை அப்படியே நிலைநிறுத்தினான். வருந்தாதே என்ற ஆறுதலும் நீரோடையும் வந்தன. பழமோ தானே விழவில்லை. அப்போதுதான் ஈன்ற தாயிடம், மரத்தைப் பிடித்து உலுக்கு என்ற கட்டளை வருகிறது. பேறுகாலமான பெண்ணால் பேரீச்ச மரத்தை அசைக்க முடியுமா? முடியாது. ஆயினும் கை வைக்கச் சொன்னான். லூக்கா எழுதிய நற்செய்தியிலோ குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்திய தாயாக அவரைக் காண்கிறோம். மரமும் ஓடையும் அங்கில்லை.

மூஸா நபி (அலை) அவர்களின் தாயாரின் நெஞ்சம் வெறுமையாகிவிட்டது என்கிறது திருமறை; பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட தாயின் நெஞ்சம் வேறெவ்வாறு இருக்கும்! உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார்; இறைவன் அவர் நெஞ்சை உறுதிப்படுத்தினான். உறுதி பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், மகளை அழைத்துப் பின்தொடர்ந்து போ என்று சொன்னது. அச்சிறுமி அயலாள்போல் ஒதுங்கி நின்று பார்த்து, பாலூட்டத் தக்க வீட்டைத் தாம் காட்டுவதாக மொழிந்து, தாயிடமே பிள்ளையைக் கொண்டு சேர்த்தாள். இத்தாயாருக்கு வந்த அறிவிப்பைத் திருமறை வஹீ என்னும் சொல்லாலேயே குறிப்பதால், பெண்களுக்கும் நபித்துவம் உண்டு என்று அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) வாதிட்டார். பெரும்பாலான உலமாக்கள் அதனை ஏற்கவில்லை; நாமும் பெரும்பான்மையின் பக்கமே. ஆயினும் அவ்வாறு வாதிடுவதற்கு இடமிருந்தது என்பதே சிந்தனைக்குரியது.

இவ்வரலாறுகள் துன்புற்றோருக்குப் பயன்பட்டதற்கு நம் வரலாற்றிலேயே நேர்ச்சான்று உண்டு. கி.பி. 615 அளவில் மக்காவின் கொடுமை தாங்காது முஸ்லிம்கள் ஹபஷா நாட்டுக்கு ஹிஜ்ரத் சென்றதை உமறுப்புலவரின் சீறாப்புராணமும் பாடுகிறது. அவர்களைப் பிடித்துத் தருமாறு குறைஷியர் தூதனுப்பியபோது, கிறிஸ்தவ மன்னர் நஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னர் தாடி நனைய அழுதார்; அகதிகளை ஒப்படைக்க மறுத்தார். இதை நமக்கு அறிவித்தவர், அவ்வகதிகளுள் ஒருவராயிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி). பின்னர் அவரும் கைம்பெண்ணாகிப் பிள்ளைகளுடன் தனித்து நின்றவர்.

கூக்காலில் சட்டத்தையும் சொல்லவேண்டியிருந்தது. பிள்ளையுள்ள மனைவிக்குக் கணவர் விட்டதில் எட்டிலொரு பங்கு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம். மகன் இருக்க, இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் பங்கு கிடையாது. பருவமடையாத அநாதையின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை. அதை அநியாயமாக உண்போர் வயிற்றில் நெருப்பையே உண்கிறார்கள் என்ற எச்சரிக்கையும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. அப்பெண் கையெழுத்திடவில்லை. "தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டும் ஹஜ்ரத், வேண்டாமென்று சொல்லவில்லை, ஊற்று என் பிள்ளையுடையது என்று எழுதிக் கொடுக்கட்டும்" என்றாள். கணவரின் உடன்பிறந்தார் அன்று எதுவும் பேசாமல் எழுந்து சென்றனர். பேச்சு பல மாதங்கள் நீண்டது. இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது என்றும், பின்னர் பெருநாளன்று ஒருவர் வந்தார் என்றும் மாணவர் எழுதினார்.

நாம் புறப்படும் வேளையில், மாணவர் உம்ராவிலிருந்து கொணர்ந்திருந்த ஸம்ஸமில் சிறிதைக் குவளையில் ஊற்றி அப்பெண் மூதாட்டியிடம் நீட்டினாள். "ஆகார் கண்ட தண்ணீரா இது?" என்று கேட்டு, இரு கைகளாலும் வாங்கி அவர் பருகினார். அவருடைய வேதத்தின்படி அக்கிணறு பெயெர்செபா வனாந்தரத்தில் இருக்கிறது. நாம் அதைச் சொல்லவில்லை.