பாரதியின் கடன் கடிதமும் நம் நூல் வெளியீட்டு விழாவும்



பினாங்குத் தீவிலிருந்து இரண்டாவது பாலத்தின் வழியாக வருகிறவர்கள் வந்து இறங்கும் இடம் பத்து காவான். 24 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. இன்று அங்கே தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் பெரிய அங்காடிகளும் நிற்கின்றன. இவையெல்லாம் வருவதற்கு முன் அது தோட்டப்புறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தாம் நம்மில் பலர்.

நான் சிறுவனாக இருந்தபோது ஓர் எழுத்தாளர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. பை நிறையத் தாம் எழுதிய சிறுகதை நூல். திருவிழா நாள் என்பதால் கோயிலுக்கு முன்னால் நல்ல கூட்டம். அவர் ஓர் ஓரமாக நின்றார். நூலைக் கையில் எடுப்பார். யாராவது பார்த்தால் மீண்டும் பைக்குள் வைத்துவிடுவார். கச்சான் விற்றவருக்கும் பலூன் விற்றவருக்கும் இல்லாத வெட்கம் அவருக்கு மட்டும் ஏன் வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நம் இலக்கிய வரலாற்றுக்குள்ளேயே செல்ல வேண்டியிருக்கிறது.

பழைய புலவர்களுக்கு நூலை விற்க வேண்டிய தேவை இருந்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். ஓர் ஊரின் பெரியவர்கள் தங்கள் ஊருக்குத் தலபுராணம் பாடித்தரும்படி கேட்பார்கள். அவர் பாடுவார். கோயிலில் பல நாள் அரங்கேற்றம் நடக்கும். முடிவில் சால்வை, பணம், மரியாதை. ஊரே கூடிக் கேட்டதால் அதுவே விளம்பரமும் ஆயிற்று. எத்தனை பேர் பிற்பாடு அந்த நூலைப் படித்தார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. செலவு செய்தவர் புரவலர்; அவர் மனம் குளிர்ந்தால் போதும்.

அச்சு இயந்திரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. ஒரே நூல் ஐந்நூறு பிரதிகளாகக் கட்டுக் கட்டாக வந்து வீட்டுத் திண்ணையில் இறங்கியது. ஐந்நூறு புரவலர்களுக்கு எங்கே போவது? இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் பிள்ளையவர்களின் மாணாக்கரான உ. வே. சாமிநாதையர். அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். கையில் முதல் கிடையாது. ஆகவே கையொப்ப முறையைக் கைக்கொண்டார். நூல் வெளிவருவதற்கு முன்பே, வாங்கிக்கொள்கிறேன் என்று கையொப்பமிட்டவர்களின் பட்டியலைச் சேர்ப்பதுதான் அந்த முறை. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், மடத்துப் பெரியவர்கள், மிராசுதாரர்கள் என்று பலரை நேரில் சென்று கண்டார். ஏடுகளை ஒப்புநோக்கிய அதே கைகள் கையொப்பத் தாளையும் சுமந்தன. கையொப்பமிட்ட அத்தனை பேரும் சிந்தாமணியைப் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் புரவலர் ஒருவர் என்ற நிலை மாறிப் பலராயினர். அவர்களைத் தேடிப் போவது பதிப்பாளரின் வேலையாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. சாமிநாதையர் கையொப்பத் தாளோடு அலைந்த அதே காலத்தில், சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாப் பாட்டுப் புத்தகங்கள் அமோகமாக விற்றுக்கொண்டிருந்தன. கொலைச் சிந்து, ரயில் பாட்டு, வெள்ளச் சிந்து, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று எத்தனையோ. விற்பவர்கள் சந்தையிலும் திருவிழாவிலும் நின்று பாடியே விற்றார்கள். சிந்தின் நடுப்பகுதிக்கு வந்து பாட்டை நிறுத்தினால், மீதியை அறியப் புத்தகத்தை வாங்கத்தானே வேண்டும்! புலவர்கள் இவற்றை ஏளனம் செய்தார்கள். வாசகரைத் தேடிப் போய்ப் பிடிக்கும் வித்தை அந்தப் பாட்டுக்காரர்களிடம்தான் முதலில் இருந்தது என்பது என் கருத்து. நம் தோட்டத்து லயங்களில் மாலை வேளைகளில் இராகம் போட்டுப் படிக்கப்பட்டவையும் பெரும்பாலும் பெரிய எழுத்துப் புத்தகங்கள்தாம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பல்களில் ஆட்களோடு சேர்ந்து அவையும் வந்தன.

இப்போது பாரதியாரிடம் வருவோம்.

பாரதியின் பாட்டுகள் நூலாக வருவதற்கு முன்னமே இலவசப் பிரசுரமாக வந்தன. 1907இல் சென்னை வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவற்றைக் கேட்டு மகிழ்ந்து, மூன்று பாட்டுகளைப் பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு விநியோகித்தார். அரசியலில் இருவரும் எதிரெதிர் அணிகள்! 1917இல் பரலி சு. நெல்லையப்பர் கண்ணன் பாட்டை வெளியிட்டு, பிற்காலத் தமிழர் இந்தக் கவிஞரைக் கொண்டாடுவர் என்று முன்னுரையில் துணிந்து எழுதினார். நல்ல நண்பர் எழுதும் முன்னுரையைவிடச் சிறந்த விளம்பரம் அன்றைக்கு வேறு இல்லை.

1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். வறுமை. அங்கிருந்தபடி அவர் செய்த இரண்டு காரியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 1919இல் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். பழைய புலவர் மரபுப்படி, புரவலர் வாசலில் பாட்டோடு நிற்பது அது. தலை குனிந்து நின்றார் என்று சொல்ல முடியாது. தம் கவியின் உயரத்தை எடுத்துக்கூறித்தான் கேட்டார். என்றாலும் பலன் இல்லை.

அடுத்த ஆண்டு, 1920இல், முற்றிலும் வேறான ஒன்றைச் செய்தார். நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிடுவது. ஆக நான்கு லட்சம் பிரதிகள். இதுதான் திட்டம். அச்சுக்கும் விளம்பரத்துக்கும் வேண்டிய முதலுக்காக ஒவ்வொருவரும் நூறு ரூபாயாவது கடன் தர வேண்டும் என்றார். நன்கொடை கேட்கவில்லை, கவனியுங்கள். மாதம் இரண்டு விழுக்காடு வட்டி தருவதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் தமக்குள்ள பெயர், நூல்களின் புதுமை, மலிவான விலை என்று விற்பனைக்குக் காரணங்களையும் அடுக்கினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று உறுதியாக நம்பினார்.

இந்த உவமையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்நாளில் குடிசைக்கும் மாளிகைக்கும் பொதுவாகப் போய்ச் சேர்ந்த கடைச்சரக்கு இந்த இரண்டும்தான். நம் பத்து காவான் லயத்து வீட்டில் அரிசி இல்லாத நாள் இருந்திருக்கும். தீப்பெட்டி இல்லாத நாள் இருந்திராது. தம் கவிதை அந்தப் படிக்கட்டில் ஏற வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அரசருக்குப் பாட்டு எழுதிய அதே மனிதர், பெயர் தெரியாத நான்கு லட்சம் பேரைத் தம் புரவலர்களாக்கிக்கொள்ள அடுத்த ஆண்டே கணக்குப் போட்டார்!

கணக்கில் பிழை இருந்தது என்பது மெய்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர் தொகை அன்று மிகக் குறைவு. மாதம் இரண்டு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு. அந்த வட்டியைக் கட்டி எந்த நூலும் மிஞ்சுவது கடினம். ஊர் ஊராக நூலைக் கொண்டு சேர்க்க ஆள்கட்டும் இல்லை. பணம் வரவில்லை. திட்டம் கடிதத்தோடு நின்றது. 1920 இறுதியில் சுதேசமித்திரனில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். நாற்பது நூல்களும் அவர் காலத்தில் வரவே இல்லை.

அவர் தேடிய விளம்பரம் பின்னர் எதிர்பாராத கையிலிருந்து கிடைத்தது. 1928இல் பர்மா அரசாங்கம் பாரதி நூல்களைத் தடை செய்ய, சென்னை அரசாங்கமும் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி வாதாடினார். பாரதியின் பெயர் அதுவரை போகாத வீடுகளுக்கெல்லாம் போயிற்று. 1949இல் சென்னை அரசாங்கம் பதிப்புரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. அதன் பிறகு மலிவுப் பதிப்புகள் பெருகின. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி உள்ள இடமெல்லாம் அவர் பாட்டும் வந்து சேர்ந்தது. நான்கு லட்சம் என்ற கணக்கு கடைசியில் சிறிய கணக்காகிவிட்டது.

விற்கத் தெரிந்த எழுத்தாளர்கள் தமிழில் இல்லாமலில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தி, தம் நாவல்களை அதிலேயே தொடராக வெளியிட்டார். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று காத்திருந்த வாசகிகளே அவருடைய சந்தாதாரர்கள். புரவலரும் வேண்டாம், முன்னுரையும் வேண்டாம்.

இனி நம் மலேசியாவுக்கு வருவோம். பினாங்கில் தமிழ் அச்சுக்கு நீண்ட பரம்பரை உண்டு. நாகூர் குலாம் காதிறு நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தியவர். இருந்தும் இங்கே ஒரு நூலை ஆயிரம் பிரதிகள் அச்சிட்டவர் அதை எங்கே விற்பது? தமிழ்ப் புத்தகக் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் தமிழகத்து நூல்களே பெரும்பகுதி. இதற்கு நம்மவர் கண்ட வழிதான் நூல் வெளியீட்டு விழா. மண்டபம், குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பொன்னாடை. டத்தோ ஒருவரோ தொழிலதிபர் ஒருவரோ முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்துப் பெறுவார். பிறகு மற்றவர்கள் வரிசையில் வந்து உறையைத் தந்து நூலைப் பெற்றுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அச்சுக்கூலி அன்று மாலையே கிடைத்துவிடும்.

இதை நான் குறைகூறத் துணியமாட்டேன். இந்த விழாக்கள் இல்லாவிட்டால் நம் நாட்டுத் தமிழ் நூல்களில் பாதி கையெழுத்துப் பிரதியாகவே செல்லரித்துப் போயிருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். உறைக்குள் பணம் வைப்பவர் நூலுக்கு விலை கொடுப்பதில்லை. எழுத்தாளருக்கு மொய் எழுதுகிறார். மொய் எழுதியவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? அதுபோல் நூலும் பிரிக்கப்படாமல் அலமாரிக்குப் போகிறது. தலபுராணத்து அரங்கேற்றம் குளிர்சாதன மண்டபத்துக்கு இடம் மாறியதாகவே எனக்குத் தோன்றுகிறது. விழாவுக்கு மறுநாள் எழுத்தாளர் வீட்டில் மீதிக் கட்டுகள் இருக்கும். அவற்றைக் கொண்டு போக அவருக்கு வழி தெரியாது. வெட்கமும் தடுக்கும்.

பையோடு வந்த எழுத்தாளரைப் பற்றிச் சொன்னேனே, அவர் கதையை முடிக்கவில்லை. அன்று மாலை எங்கள் பள்ளி ஆசிரியர் அவரைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பள்ளி வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா, ஒரு கதையைப் படியுங்கள்" என்றார். பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணின் கதை அது. அவர் மெதுவாகப் படித்தார். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்கள். பாதிக்கு வந்ததும் அவர் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். உண்மையிலேயே தாகம்தான், குஜிலித் தந்திரம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் என் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வெள்ளியை எடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூலை என் கையில் கொடுத்து, "மீதிய வீட்டுக்குப் போயி நீ படிடா" என்றார்.