பிறர் ஓய்வு நேரத்தில் நடக்கும் தொழில்: கிட்வாய் நகரும் மேசைப்பந்துப் பயிற்சியாளரின் நாளும்

தென் டெல்லியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் ஐ.என்.ஏ. சந்தைக்கும் அருகில், அரவிந்தோ மார்க் சாலையின் இருபுறமும் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்து கிடக்கும் கிட்வாய் நகர், விடுதலைக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றாகும். சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராகவும் பின்னர் உணவு அமைச்சராகவும் பணியாற்றி 1954இல் மறைந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில், தெருக்களின் நடமாட்டம் நெடுங்காலம் அலுவலக மணியையே பின்பற்றி வந்தது. தந்தையர் அலுவலகத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்கும் நேரம் ஒன்று, அவர்கள் வீடு திரும்பிய பின்னர் விளையாட்டுக்கும் பாட்டு வகுப்புக்கும் கடைவீதிக்கும் ஒதுங்கும் நேரம் மற்றொன்று. டேபிள் டென்னிஸ் என்று மக்கள் வழங்கும் மேசைப்பந்தாட்டத்தின் பயிற்சியாளர் இந்த இரண்டாவது நேரத்தில்தான் தம் தொழிலை நடத்த வேண்டியிருந்தது. ஊரார் ஓய்வெடுக்கும் பொழுதே இவருக்கு வேலைப்பொழுது என்பதிலிருந்து இத்தொழிலின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமாகும். அவருடைய நாள் ஏன் விடியற்காலையிலும் இரவிலுமாக இரண்டு பக்கமும் இழுபட்டது என்பதற்கான விடையின் பெரும்பகுதி அதில் அடங்கியுள்ளது.

இந்தியாவில் இந்த ஆட்டம் பயிற்சியாளர் இல்லாமலேயே வேரூன்றியது. 1926இல் லண்டனில் நடந்த முதல் உலக வாகையர் போட்டியில் இந்திய ஆடவர் அணி மூன்றாம் இடத்தை இங்கிலாந்து, வேல்ஸ் அணிகளோடு பகிர்ந்துகொண்டது. அக்காலத்தில் சிறு புள்ளிகள் மேலெழுந்த மெல்லிய ரப்பர் ஒட்டிய மட்டைதான் எங்கும் இருந்தது. பந்து மெதுவாகச் சென்றது, மட்டையில் பட்டவுடன் எழும் ஓசையே எதிராளிக்கு அடியின் வலுவைச் சொல்லிவிட்டது, ஆகவே ஜிம்கானாவிலும் கல்லூரி விடுதியிலும் மூத்தவர் ஆடுவதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொண்டதே போதுமானதாக இருந்தது. 1952இல் பம்பாயில், ஆசியாவிலேயே முதன்முறையாக நடந்த உலக வாகையர் போட்டியில், ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்சு, அதாவது நுண்துளைகள் நிறைந்த மெத்தை போன்ற ரப்பர், ஒட்டிய மட்டையுடன் வந்து ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஓசையே எழாத அந்த மட்டையிலிருந்து பந்து எவ்வளவு வேகத்தில், எந்தச் சுழலோடு வருகிறது என்று ஐரோப்பிய முன்னணி வீரர்களாலேயே கணிக்க இயலவில்லை. சர்வதேசக் கூட்டமைப்பு 1959இல் மட்டை ரப்பரின் தடிமனுக்கு வரம்பு விதித்தது என்றாலும், பந்தைச் சுழற்றி ஆடும் கலை அதன் பிறகு பின்வாங்கவே இல்லை.

இந்தியப் பயிற்சியாளரின் தேவை பம்பாயில் பிறந்தது என்று சொல்வது மிகையாகாது. பந்தின் மேற்பகுதியை உரசி முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின், அடிப்பகுதியை அறுத்துப் பின்னோக்கிச் சுழலவிடும் பேக்ஸ்பின், பக்கவாட்டில் விலகச்செய்யும் சைட்ஸ்பின் ஆகியவை ஒரே சர்வீஸில் கலந்துவரும்போது, அவற்றைப் படித்தறிய ஆட்டத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மணிக்கட்டு எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும், இடுப்பு எப்போது சுழல வேண்டும், கால் எந்தக் கணத்தில் நகர வேண்டும் என்பதை எவரேனும் பிரித்துக் காட்டி, பிழையை உடனுக்குடன் திருத்தி, அதே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்யவைத்தால் ஒழிய அது உடலில் பதியாது.

அந்த எவரேனும் ஒருவரை உருவாக்கும் பொறுப்பை அரசே ஏற்றது. 1953இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. 1961இல் பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம், அதாவது என்.ஐ.எஸ்., நிறுவப்பட்டு, பயிற்சியாளர்களுக்கென்று பட்டயப் படிப்பு வந்தது. ‘என்.ஐ.எஸ். கோச்’ என்ற அடைமொழி அதன்பின் ஒரு தகுதிச் சான்றாகவே நாடெங்கும் வழங்கலாயிற்று. 1970களின் நடுவில் அந்நிறுவனத்தில் சேர்ந்து பின்னர் தலைமைப் பயிற்சியாளராக உயர்ந்த பவானி முகர்ஜி, வீரர்களோடு பயிற்சியாளர்களையும் பல தலைமுறைகளாக உருவாக்கினார். துரோணாச்சாரியார் விருது 1985இல் நிறுவப்பட்டும், மேசைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்விருதைப் பெற்றவர் இதே பவானி முகர்ஜிதான். இந்த இருபத்தேழு ஆண்டு இடைவெளியை இத்துறையின் மீது காட்டப்பட்ட அலட்சியத்தின் அளவாகவே கொள்ள வேண்டும்.

பட்டயம் பெற்றவர்களுள் சிலருக்கு அரசுப் பணியிடம் கிடைத்தது. மற்றவர்கள் பள்ளிகளையும் மன்றங்களையும் தனி மாணவர்களையும் நம்பினர். டெல்லியில் இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்தவை அரசுக் குடியிருப்புகளே. அமைச்சகங்களுக்கிடையே நடக்கும் ஊழியர் போட்டிகளில் மேசைப்பந்தும் இடம்பெற்றது. ஊழியர் குடும்ப நலனுக்காக 1950களில் தோன்றிய கிருஹ கல்யாண் கேந்திரம், குடியிருப்புகளில் சமாஜ் சதன் எனப்படும் சமுதாயக் கூடங்களை நடத்தியது. போட்டி மேசை ஒன்றின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், ஆனால் பின்வாங்கி ஆட இடம் வேண்டும் என்பதால் உலகப் போட்டிகளில் ஒரு மேசைக்கு 14 மீட்டருக்கு 7 மீட்டர் ஆடுகளம் ஒதுக்குகிறார்கள். குமாஸ்தாவின் இரண்டறை வீட்டில் இதற்கு வழியில்லை. கூடம் ஒன்றே கதி. அக்கூடங்கள் திருமணத்துக்கும் வாடகைக்கு விடப்படுபவை ஆதலால், முகூர்த்த நாளில் மேசையை மடக்கி ஓரத்தில் சாய்த்துவிட்டு மாணவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் இத்தொழிலின் வழக்கங்களுள் ஒன்றாயிற்று.

இக்குடியிருப்புகளில் தமிழர் எண்ணிக்கை குறைவன்று. எழுத்தராகவும் கணக்கராகவும் தலைநகருக்கு வந்தவர்கள் தம் பிள்ளைகளின் படிப்புக்காக 1923இல் தொடங்கிய முயற்சி, டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் லட்சுமிபாய் நகர்ப் பள்ளி, மேற்குக் கிட்வாய் நகரிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ளது. படிப்புக் கெடாமல் விளையாடலாம், வெயிலில் கறுக்க வேண்டாம், கை கால் முறியாது என்னும் எண்ணங்களால் நடுத்தர வர்க்கப் பெற்றோர் மேசைப்பந்தைப் பாதுகாப்பான ஆட்டமாகக் கருதினர். அந்த எண்ணமே பயிற்சியாளருக்கு மாணவர்களைத் தேடித் தந்தது; பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது அவர்களைப் பறித்துக்கொண்டதும் அதே எண்ணமே.

இத்தகைய சூழலில் பயிற்சியாளரின் நாள் எவ்வாறு அமைந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். மாவட்ட, மாநில அளவில் ஆடும் மாணவர்களுக்குப் பள்ளிக்கு முன்னரே உடற்பயிற்சியும் கால் நகர்த்தும் பயிற்சியும் வேண்டும் என்பதால் விடியலிலேயே அவர் வேலை தொடங்கும். டெல்லியின் மார்கழிப் பனிமூட்டத்திலும் இது மாறுவதில்லை. பின்னர் பள்ளி நேரத்தில் விளையாட்டு வகுப்புகள், பிற்பகலில் பள்ளி அணி, மாலையில் கூடத்திலோ மன்றத்திலோ தொடக்க மாணவர்கள், அவர்கள் சென்ற பின் இரவில் தேர்ந்த மாணவர்கள் என்று நேரம் துண்டாடப்படும். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பொழுது பேருந்திலோ ஸ்கூட்டரிலோ கழியும். 1985இல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்தபோது ஊழியருக்குச் சனிக்கிழமை ஓய்வாயிற்று. பெற்றோர் வீட்டில் இருக்கும் அந்நாளும் ஞாயிறும் பயிற்சியாளருக்கோ வாரத்தின் மிகக் கனமான நாட்களாயின, ஏனெனில் போட்டிகள் அப்போதுதான் நடந்தன.

கூடத்தினுள் நடப்பது உடலை வருத்தும் வேலை. நான்கு மேசைகளும் இருபது மாணவர்களும் இருந்தால் ஒரே நேரத்தில் எட்டுப் பேரே ஆட முடியும். மற்றப் பன்னிருவரும் பந்தின்றி அசைவை மட்டும் செய்து பழகும் ‘ஷேடோ’ பயிற்சியிலோ கயிறு தாண்டுவதிலோ ஈடுபட, எவரும் சும்மா நிற்காதவாறு சுற்றை மாற்றிக்கொண்டே இருப்பது ஒரு தனித் திறமை. சீனாவில் பெரிதும் வளர்ந்து உலகெங்கும் பரவிய ‘மல்டிபால்’ முறையில் பயிற்சியாளர் கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு, ஒன்று திரும்பி வருமுன் அடுத்ததை வேறு திசையில், வேறு சுழலில் செலுத்துகிறார். நொடிக்கு ஒன்று என்ற அளவில் பந்து போகும் இம்முறையில் மாணவர் சில நிமிடங்களில் இளைத்து ஒதுங்குவார். அடுத்த மாணவர் வருவார். பந்தூட்டும் பயிற்சியாளரின் தோளுக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. பந்தின் எடை 2.7 கிராம்தான் என்பதால் மின்விசிறியின் காற்றும் கூலரின் காற்றும் அதன் பாதையைத் திருப்பிவிடும். ஆகவே டெல்லியின் மே, ஜூன் வெப்பத்திலும் பல கூடங்களில் விசிறியை நிறுத்தியே ஆட வேண்டியிருந்தது. வெளியே நிற்பவருக்கு மேசைப்பந்து நிழலில் ஆடும் எளிய ஆட்டமாகத் தோன்றலாம். விசிறி நின்ற கூடத்தில் மாலை முழுதும் பந்தூட்டியவருக்கு அவ்வாறு தோன்றியிருக்க வழியில்லை.

சென்னையில் இத்தொழில் வேறு வடிவம் எடுத்தது. அங்கே அது குடும்பத்தையும் தனிமனித உறவையும் சார்ந்து வளர்ந்தது. முரளிதர ராவ், சீனிவாச ராவ் ஆகிய சகோதரர்கள் பயிற்சியாளர்களாகிப் பலரை உருவாக்கினர். தேசியப் பட்டத்தைப் பத்து முறை வென்ற சரத் கமல், சீனிவாச ராவின் மகன் ஆவார். மூன்று முறை தேசிய வாகையரான வி. சந்திரசேகர், 1984இல் முழங்கால் அறுவை சிகிச்சையின்போது நேர்ந்த சிக்கலால் ஆட்ட வாழ்வை இழந்தபோதும், மெல்ல மீண்டு பயிற்சியாளராகி, 2021இல் மறையும்வரை கற்பித்துக்கொண்டிருந்தார். இந்திய விளையாட்டு வரலாற்றில் இதற்கு நிகரான மன உறுதியை அரிதாகவே காண முடியும். முன்னாள் இந்திய வீரர் எஸ். ராமனின் பயிற்சியில் ஜி. சத்தியன் 2019 மே மாதத்தில் உலகத் தரவரிசையில் 24ஆம் இடத்தை அடைந்து, முதல் இருபத்தைந்துக்குள் நுழைந்த முதல் இந்தியரானார். சீனிவாச ராவ் 2018இலும் ராமன் 2021இலும் துரோணாச்சாரியார் விருது பெற்றனர்.

டெல்லிக்கும் தன் பெருமை உண்டு. 1987இல் உலக வாகையர் போட்டி அங்கு நடந்தது. 2010 காமன்வெல்த் போட்டியில் யமுனா விளையாட்டு வளாகத்தில் சரத் கமலும் சுபஜித் சாகாவும் இரட்டையர் தங்கம் வென்றனர். அந்நகரிலேயே பிறந்து சந்தீப் குப்தாவிடம் கற்ற மணிகா பத்ரா, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் உட்பட நான்கு பதக்கங்களோடு திரும்பினார். அடுத்த ஆண்டே அவருடைய பயிற்சியாளர் துரோணாச்சாரியார் ஆனார்.

இதற்கிடையே ஆட்டத்தின் விதிகள் மாறிய வேகம் பயிற்சியாளரையும் மாணவராக்கியது. 2000இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001இல் 21 புள்ளி ஆட்டம் 11 புள்ளியாகச் சுருங்கியது. அதற்கடுத்த ஆண்டு சர்வீஸ் போடும்போது பந்தை உடலால் மறைப்பது தடைசெய்யப்பட்டது. 2008இல் ரப்பருக்கு வேகம் கூட்டிய கரைப்பான் கலந்த பசை விலக்கப்பட்டது. 2014இல் செல்லுலாய்டு பந்தின் இடத்தை நெகிழிப் பந்து பிடித்தது. ஒவ்வொரு மாற்றமும், பல ஆண்டு உழைத்துப் பதியவைத்த அசைவுகளை மாணவரின் உடலிலிருந்து களைந்து மீண்டும் பதியவைக்கும் பணியை அவர் தலையில் சுமத்தியது. போட்டியின்போது பேசும் உரிமைகூட அவருக்குத் தாமதமாகவே வந்தது: ஆட்டங்களுக்கிடையிலான இடைவெளியிலும் ஒரு நிமிட டைம்-அவுட்டிலும் மட்டுமே ஆலோசனை சொல்லலாம் என்றிருந்த விதி, 2016 அக்டோபரில்தான் தளர்ந்து, பந்து ஆட்டத்தில் இல்லாத எந்தக் கணத்திலும் பேசலாம் என்றானது.

போட்டியின்போது ஆடுகளத்தின் ஓரத்தில் பயிற்சியாளருக்குரிய நாற்காலியில் யார் அமர்வது என்பது அடுத்த வழக்காயிற்று. தேசிய முகாமில் கலந்துகொள்ளாதவரை அணிக்குத் தேர்ந்தெடுப்பதில்லை என்ற இந்திய மேசைப்பந்துக் கூட்டமைப்பின் விதி, தனிப் பயிற்சியாளரோடு வளர்ந்த வீரர்களுக்கு நெருக்கடியாக அமைந்தது. மணிகா பத்ரா தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல் அவ்விதியை நிறுத்திவைத்து, 2022 பிப்ரவரியில் கூட்டமைப்பின் நிர்வாகத்தை நிர்வாகிகள் குழுவிடம் ஒப்படைத்தது. பட்டயமும் முகாமும் வழியாக அரசு உருவாக்கிய பயிற்சியாளர் ஒருபுறமும், கூடத்தில் பந்தூட்டி ஒரே மாணவரைச் சிறுவயது முதல் வளர்த்தவர் மறுபுறமும் நின்ற இந்தப் பிணக்கில், பின்னவரின் உழைப்புக்கு விதிகளில் இடமே இல்லாதிருந்ததுதான் உண்மையான குறை.

கிட்வாய் நகரும் இக்காலத்தில் உருமாறியது. கிழக்குக் கிட்வாய் நகரின் தாழ்ந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, என்.பி.சி.சி. நிறுவனத்தால் அடுக்குமாடிகளாகக் கட்டப்பட்டன. அதை ஒட்டி, இசை மேதை தியாகராஜரின் பெயரில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக எழுந்த தியாகராஜ் விளையாட்டு வளாகத்தில், 2019இல் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் தொடர் முழுவதும் நடந்து, சென்னை லயன்ஸ் பட்டம் வென்றது. அதே வளாகத்தில் வீரர்களும் பயிற்சியாளர்களும் வழக்கத்தைவிட முன்னதாகவே, மாலை 7 மணிக்குள், வெளியேறும்படி செய்யப்படுவதாக 2022 மே மாதத்தில் செய்தி வெளிவந்தது. பள்ளியும் அலுவலகமும் முடிந்த பின்னரே மாணவர் வரக்கூடிய நகரில் 7 மணிக்குக் கதவடைப்பது பயிற்சியையே நிறுத்துவதாகும் என்ற குரல் எழுந்தவுடன், டெல்லி அரசு தன் விளையாட்டு அரங்குகள் அனைத்தையும் இரவு 10 மணிவரை திறந்துவைக்க ஆணையிட்டது. மாணவர்களுக்கு மூன்று மணி நேரம் கூடியது. அந்த மூன்று மணி நேரத்துக்கும் பந்தூட்ட ஆள் வேண்டும் என்பதால், விடியலில் கூடத்தைத் திறந்தவரே இரவு பத்து மணிக்கு வலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.