நுரையீரலின் கையிருப்பு: வாயு விரவலும் கால அவகாசமும்

நுரையீரல் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளுவதில்லை. பகுதி அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானாகவே விரவுகிறது. பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடக்கும் இந்த உண்மைக்கு மருத்துவத்தில் பெரிய பின்விளைவு உண்டு. உந்தித் தள்ளும் விசை ஏதும் இல்லாததால் காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வின் பரப்பு, அதன் மெல்லிய தன்மை, இரத்தம் அதைத் தொட்டு ஓடும் நேரம் ஆகிய மூன்றுமே நுரையீரலின் கையிருப்பு. ஆகவே ஓய்வில் ஆக்சிஜன் அளவு இயல்பாக இருப்பதை வைத்துச் சவ்வு நலமாக உள்ளதென முடிவுகட்டக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விரவல் மட்டுமே போதும் என்பது எளிதில் ஏற்கப்பட்ட கருத்து அன்று. மீனின் காற்றுப்பை ஆக்சிஜனைச் சுரந்து சேர்ப்பது தெரிந்திருந்ததால், மனித நுரையீரலும் அவ்வாறே சுரக்கிறது என்று கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் கருதினார். அவருடைய உதவியாளராக இருந்த ஆகஸ்ட் க்ரோக், மனைவி மேரியுடன் சேர்ந்து, 1910இல் நுண்ணிய அளவீடுகளால் அக்கருத்தை மறுத்தார். ஆனாலும் 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஆய்வு நடத்திய ஜே. எஸ். ஹால்டேன், உயரமான இடங்களில் சுரப்பு நிகழ்கிறது என்றே வாதிட்டார். 1920இல் ஜோசப் பார்க்ராஃப்ட் கேம்பிரிட்ஜில் ஆக்சிஜன் குறைந்த கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தங்கி, தம் மணிக்கட்டுத் தமனியைத் திறந்து இரத்தம் எடுக்கச் செய்தார். ஓய்விலும் உழைப்பிலும் தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் நுரையீரலின் நுண்ணறைகளில் உள்ள காற்றின் ஆக்சிஜன் அழுத்தத்தை விஞ்சவில்லை. சுரப்பு நடந்திருந்தால் விஞ்சியிருக்க வேண்டும்.

இனி ஒரு சிவப்பணுவைப் பின்தொடர்வோம். நுரையீரலின் இரத்த நுண்குழலுக்குள் நுழையும்போது அதைச் சூழ்ந்த இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 40 மி.மீ. பாதரசம், சவ்வுக்கு அப்பால், நுண்ணறையில், சுமார் 100. இடையிலுள்ள சுவர் மிக மெல்லிய இடங்களில் 0.3 மைக்ரோமீட்டர்தான். ஓய்வில் அந்தச் சிவப்பணு நுண்குழலில் சுமார் 0.75 நொடி இருக்கிறது, ஏறத்தாழ 0.25 நொடியிலேயே அழுத்தங்கள் சமனாகிவிடுகின்றன. எஞ்சிய அரை நொடிதான் சேமிப்பு. சவ்வு தடித்துச் சமனாகும் நேரம் இருமடங்கானாலும், வெளியேறும் இரத்தத்தில் குறை தெரியாது. கடுமையாக உழைக்கும்போது இரத்தம் விரைந்தோடுவதால் அந்த அவகாசம் சுருங்குகிறது. குறை அப்போதுதான் வெளிப்படும். மலை உச்சியில் அழுத்த வேறுபாடே குறைவதால், நலமான நுரையீரலுக்கும் இதே நெருக்கடி நேரும்.

கரியமில வாயுவின் நிலை வேறு. அதன் அழுத்த வேறுபாடு சுமார் 5 மி.மீ. மட்டுமே. ஆனால் திசுக்களில் எளிதில் கரைவதால் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகச் சவ்வைக் கடக்கிறது. எனவே சவ்வு பழுதானால் முதலில் குறைவது ஆக்சிஜனே. கரியமில வாயு இயல்பாக இருப்பது ஆறுதலுக்கு உரிய சான்றாகாது.

ஓய்வு அளவீட்டை நம்பக் கூடாது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நுரையீரல் நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், காற்று சேரும் பகுதிகளும் இரத்தம் பாயும் பகுதிகளும் பொருந்தாமையே. விரவல் குறை அன்று. நார்த்திசு படிந்த நுரையீரலிலும் ஓய்வில் நிலைமை பெரும்பாலும் அதுவே. இதை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் இந்த மறுப்பு நம் வாதத்தைக் கூர்மையாக்குகிறது: உழைப்பின்போது அத்தகைய நோயாளியிடம் விரவல் குறையும் சேர்ந்துகொள்வதால், ஓய்வு நிலை அளவீடு நோயின் ஒரு பாதியை மட்டுமே காட்டுகிறது.

மறுபாதியைக் காணும் வழிகள் நம்மிடம் உள்ளன. மேரி க்ரோக் 1915இல் வெளியிட்ட கார்பன் மோனாக்சைடு முறையின் வழிவந்ததே இன்றைய விரவல் திறன் சோதனை. ஹீமோகுளோபின் அவ்வாயுவை இறுகப் பற்றுவதால் இரத்தத்தில் அதன் அழுத்தம் ஏறக்குறைய உயர்வதே இல்லை. உட்செல்லும் அளவு முதன்மையாகச் சவ்வின் திறனைக் காட்டும். சோதனைக் கருவி இல்லாத இடத்திலும், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி நோயாளியை ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்க்கலாம். மூச்சு வாங்குகிறது என்று வருபவரை நாற்காலியில் உட்கார வைத்தே அளந்து, சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவது, அவருடைய நுரையீரல் சேமிப்பிலிருந்து எவ்வளவு செலவாகிவிட்டது என்று கேட்காமலேயே விட்டுவிடுவதாகும்.