பிரிண்டில் இல்லாத ஓரம்

பழைய படத்தை யாராவது காட்டினால், பிளேட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். நான் டச்சிங் வேலை பழகியவன். 1960களில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பையனாகச் சேர்ந்தேன். பிறகு பம்பாய், இப்போது தேவ்நாரில் மகன் வீடு. நான் சேர்ந்தபோதே முதலாளி ஃபிலிமுக்கு மாறிக்கொண்டிருந்தார். ஆனாலும் அலமாரி நிறையப் பிளேட், அதாவது கண்ணாடி நெகட்டிவ்.

பிளேட்டின் ஒரு பக்கம் பளபளக்கும். மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும். டச்சிங் மங்கல் பக்கத்தில்தான். பென்சில் பிடிப்பதற்காக வார்னிஷ் மாதிரி ஒன்றை லேசாகத் தேய்த்து, ஊசிபோலச் சீவிய முனையால் முகத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவோம். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும், கன்னக்குழி நிரம்பும், மாநிறப் பெண் சிவப்பாகிவிடுவாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படமென்றால் பென்சில் கூடுதலாகவே ஓடும். பின்னணி வேண்டாமென்றால் சிவப்பு மையால் அடைத்துவிடுவோம். அந்த இடம் வெள்ளையாக விழும். பிரிண்ட் என்பது காசு கொடுத்தவர் கேட்ட முகம். பிளேட்டைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் தடம் மினுங்கும், அதற்கடியில் பெற்ற முகம் அப்படியே இருக்கும்.

இந்த வித்தையில் பம்பாய் எங்களுக்கு மூத்தது. 1854லேயே இங்கே போட்டோகிராபிக் சொசைட்டி வந்துவிட்டது. அதில் இருந்த வில்லியம் ஜான்சன், பம்பாயில் வசித்த, வந்துபோன சமூகத்தாரைப் படமெடுத்து 1863லும் 1866லும் இரண்டு தொகுதிகள் போட்டார். ஆட்களைத் தனியாக எடுத்து, வெட்டி, வேறு காட்சியின் மேல் ஒட்டிய படங்கள் அதில் உண்டு. ஆள் நிஜம், நிற்கிற இடம் ஒட்டு! அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1851இல் ஆர்ச்சர் கண்டுபிடித்த ஈரப் பிளேட் காலம் அது. கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதைத் தெருவில் செய்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

1871இல் மேடக்ஸ் ஜெலட்டின் பிளேட்டுக்கு வழிகாட்டினார். பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்ளும் பிளேட் வந்ததும் சின்ன ஊர்களிலும் ஸ்டுடியோ முளைத்தது. ராஜாக்களைப் படமெடுத்த லாலா தீன் தயாள் பம்பாயில் ஸ்டுடியோ திறந்தது 1896இல். அதே ஆண்டு பம்பாய் மாண்ட்வியில் பிளேக். வீடுவீடாகச் சோதனை போட்டதையும் சுண்ணாம்பு அடித்ததையும் கேப்டன் மாஸ் எடுத்த படங்கள் லண்டன் வெல்கம் சேகரிப்பில் இருக்கின்றன. ராஜாக்களைப் பார்த்த கண் இந்தச் சந்துகளையும் பார்க்க வேண்டும்.

தீன் தயாளின் 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989இல் டில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கி வைத்தது. எங்கள் ஊர் பிளேட்டுக்கு அந்த யோகம் இல்லை. கண்ணாடிக்கு இருந்த விலை முகத்துக்கு இல்லை. சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் ஜெலட்டின் ஆடையாக உரிந்து வந்துவிடும். கழுவின கண்ணாடி முருகன் படத்துக்கு ஃபிரேம் போடப் போகும். நானே ஊறப் போட்டிருக்கிறேன், முதலாளி சொன்ன வேலை. மிச்சம் மீதி காயலான் கடைக்கு. தப்பியவற்றைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்குப் போய் ஸ்கேன் செய்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். வெள்ளைக்காரர் வந்துதான் செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

என்னிடம் ஒரு ஹாஃப் பிளேட் இருக்கிறது. நாற்காலியில் ஒரு அம்மாள், பின்னால் மாடிப்படியும் தூணும் வரைந்த திரை. வலது ஓரத்தில் திரை முடிந்து, காரை பெயர்ந்த சுவர் தெரிகிறது. வெளிச்சம் திருப்ப வெள்ளைத் துணித் தட்டியைப் பிடித்தபடி, மேல்சட்டை இல்லாத ஒரு பையன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கால் அசைந்து கலைந்திருக்கிறது. அம்மாள் வீட்டுக்குப் போன பிரிண்டில் அவன் இருந்திருக்க வழியில்லை.

பிளேட்டை அடுக்கக் கூடாது. காகித உறையிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். மும்பை மழையில் பூஞ்சைக்கு ஜெலட்டின் நல்ல தீனி. சோர் பஜாரில் பிளேட் வாங்கி வருகிற இளைஞர்களிடம் இதையெல்லாம் சொல்கிறேன், கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஸ்கேன் செய்து, முதல் வேலையாக ஓரத்தை வெட்டுகிறார்கள்.