பேச்சு ஆங்கிலம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

பேச்சு ஆங்கிலம் என்பது உரையாடலில் வழங்கும் ஆங்கிலம். ஒலிப்பிலும் தொடரமைப்பிலும் எழுத்து ஆங்கிலத்திலிருந்து விலகியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இது பாடமாகக் கற்கும் மொழியாகவும், அன்றாடத் தமிழில் கலந்துவிட்ட சொற்களாகவும் புழங்குகிறது. இரண்டாவது வகையே இங்கு வலுவானது.

சுருக்கம்தான் பேச்சு ஆங்கிலத்தின் முதல் இயல்பு. 'ஐ ஆம் கோயிங் டு' என்பது 'ஐம் கானா' ஆகிறது. 'வெல்', 'யூ நோ' போன்ற நிரப்புச் சொற்கள் பேசுபவருக்கு யோசிக்க நேரம் தருகின்றன. தமிழிலும் இதே கதைதான்: 'வந்துவிட்டான்' வாய்க்கு வரும்போது 'வந்துட்டான்', இடைவெளியை 'வந்து', 'பாத்தீங்கன்னா' நிரப்பும். ஆனால் ஆங்கிலம் சில அசைகளை அழுத்தி மற்றவற்றை விழுங்கும். தமிழர் ஏறக்குறைய எல்லா அசைக்கும் சம எடை கொடுப்பர். பாடநூலை நன்றாகப் படித்த மாணவருக்கும் ஆங்கிலப் படத்தின் வசனம் பிடிபடாமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

கலப்புச் சொற்கள் தமிழ் ஒலிமுறைக்கு வளைகின்றன. 'இஸ்கூலு', 'பஸ்ஸு', 'பேங்கு' என முன்னும் பின்னும் உயிரொலி சேர்கிறது. வினையாக்க 'பண்ணு' போதும்: போன் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர்க்காரர் நடத்துனரிடம் "பைபாஸ்ல நிக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டே ஏறுவார். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூரில் லாரித் தொழிலின் பேச்சு இப்படி இருக்கும்:

"லோடு ஏத்தியாச்சா?"

"இல்லண்ணே, பில்லு போட லேட்டாகுதாம்."

இதில் லோடு, பில்லு, லேட்டு மூன்றும் ஆங்கிலம். வினைமுற்றுகள் முழுத் தமிழ். இக்கலப்பு வழக்குகள் இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியவை அல்ல, தமிழகமெங்கும் கேட்பவை.

எதிர்த்திசையிலும் தாக்கம் உண்டு. "அவர் அரியலூர்லதான் இருக்கார்" என்று நினைத்து ஆங்கிலம் பேசுபவர், 'தான்' இருக்கும் இடத்தில் 'ஒன்லி' போடுவார். "வர்றீங்கல்ல?" என்பது "யூ ஆர் கமிங், நோ?" ஆகும். கேலிக்கு ஆளாகும் இவ்வழக்குகள் பிழை என்பதைவிட, தாய்மொழி இலக்கணத்தின் நீட்சி என்பதே பொருத்தம்.

பேச்சுமொழிக்கு இலக்கணம் எழுதிய மரபு இம்மண்ணுக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் (1680–1747), செந்தமிழுக்கு ஒன்றும் பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனி இலக்கணம் செய்தார். இலத்தீனில் அமைந்த கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. மக்கள் பேசுவதைத் தாழ்வாக எண்ணி ஒதுக்காமல், புதிதாக வரும் குருமார் அதைக் கற்க வேண்டும் என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் அந்நூல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

ஆங்கிலம் கற்பிப்பதில் அந்த அணுகுமுறை இங்கு இன்னும் வேரூன்றவில்லை. 2022இல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் பேச்சு ஆங்கிலப் பயிற்சியையும் உள்ளடக்கியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலோ ஆங்கிலம் எழுத்துத் தேர்வு மட்டுமே. பேசிக் காட்டுவதற்கு அதில் மதிப்பெண் கிடையாது.